16, 21, 35: அயர்லாந்து எந்த வயதைத் தொட வேண்டும்?

2015 மே 22 அன்று அயர்லாந்து வாக்காளர்கள் கையில் இரண்டு கேள்விகளுக்கான சீட்டுகள் இருந்தன. ஒன்று, தன்பாலினத் திருமணத்தை அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்பது. 62 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். செய்தி உலகம் முழுக்கப் போனது. இன்னொன்றை அன்றைக்கே பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்க 35 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதியை 21 ஆகக் குறைக்கலாமா என்று அது கேட்டது. 73.1 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த அடிக்குப் பிறகு இந்தப் பக்கம் கை வைக்க எந்த அரசும் துணியவில்லை. ஆனால் இளைஞர்கள் அரசியலுக்கு வர வேண்டும் என்ற பேச்சு மட்டும் எல்லாக் கட்சியிலும் ஓயாமல் நடக்கிறது. எதைச் செய்தால் வருவார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். நாடாளுமன்றத்தின் கீழவையான டாயிலில் உறுப்பினராகும் வயதை 21இலிருந்து 18 ஆக்கு என்பார் ஒருவர். குடியரசுத் தலைவர் வயதையே மறுபடி கேள் என்பார் இன்னொருவர். ஓட்டுப் போடும் வயதை 16 ஆக்கு, கட்சிகளுக்கு இளைஞர் ஒதுக்கீடு வை, வயதானவர்களை வீட்டுக்கு அனுப்பு என்று பட்டியல் நீளும்.

எல்லாவற்றையும் செய்தால் என்ன என்று கேட்கலாம். அயர்லாந்தில் அது அவ்வளவு சுலபமில்லை. அரசியலமைப்பில் ஒரு வார்த்தையை மாற்றவும் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். 2024 மார்ச்சில் குடும்பம், பராமரிப்பு தொடர்பான இரண்டு திருத்தங்களை அரசு மக்கள் முன் வைத்தது. பெரிய கட்சிகள் ஆதரித்தும் ஒன்றை 67.7 சதவீதம் பேரும் மற்றதை 73.9 சதவீதம் பேரும் நிராகரித்தார்கள். ஒரு விஷயம் இப்படித் தோற்றுவிட்டால் அதை மறுபடி எடுக்க அரசுகள் பெரும்பாலும் தயங்கும். அதனால் எதை முதலில் எடுப்பது என்பதுதான் இங்கே உண்மையான முடிவு.

சட்டத்தில் இப்போது இருப்பது

1937ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி டாயில் உறுப்பினராக 21, மேலவைக்கும் அதே 21, குடியரசுத் தலைவருக்கு 35. உள்ளாட்சி மன்றங்களில் மட்டும் 18 வயதில் நிற்கலாம். ஓட்டுப் போடும் வயது முதலில் 21ஆக இருந்தது. 1972 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 84 சதவீதத்துக்கு மேல் ஆதரவோடு 18 ஆனது. ஆக, ஓட்டுப் போடும் வயது இறங்கியது. டாயிலுக்கு நிற்கும் வயது இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

35 என்ற எண் இந்தியர்களுக்குப் பழக்கமானதுதான். நம் குடியரசுத் தலைவருக்கும் அதே வயதுதான். நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் அயர்லாந்திடமிருந்து வழிகாட்டு நெறிகளை எடுத்துக்கொண்டார்கள் என்பது தெரிந்த கதை. ஆனால் வயது விஷயத்தில் அயர்லாந்து நம்மைவிடத் தாராளம்: மக்களவைக்கு நமக்கு 25, அவர்களுக்கு 21. அவர்களுடைய பழைய சட்டம் இன்னும் கறாராக இருந்தது. 1922ஆம் ஆண்டு அரசியலமைப்பில் மேலவை உறுப்பினராக 35 வயது ஆகியிருக்க வேண்டும். மேலவைக்கு ஓட்டுப் போடுவதற்கே 30 வயது வேண்டும்.

வாசலில் 21 வயதுக்காரர்கள்

டாயில் வயதை 18 ஆக்குவதில் கொள்கை அளவில் மறுக்க ஒன்றுமில்லை. ஓட்டுப் போடத் தகுதி உள்ளவருக்கு நிற்கவும் தகுதி இருக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் பிரிட்டனில் 2006இலேயே 18 ஆக்கிவிட்டார்கள். அதனால்தான் 2015இல் ஸ்காட்லாந்தின் மேரி பிளாக் 20 வயதில் பிரிட்டிஷ் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போக முடிந்தது. அவர் அயர்லாந்துக்காரராக இருந்திருந்தால் அந்த வருடம் வேட்புமனுவே போட்டிருக்க முடியாது. பிரான்சும் 2011இல் 18க்கு வந்துவிட்டது. இத்தாலி இன்னும் கீழவைக்கு 25, மேலவைக்கு 40 என்று உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் இதைச் செய்துவிட்டால் டாயிலில் இளைஞர்கள் நிறைந்துவிடுவார்களா? இப்போதே 21 வயதில் வரலாம் என்று சட்டம் சொல்கிறதே, வந்தவர்கள் யார் என்று பாருங்கள்.

டாயில் வரலாற்றிலேயே மிக இளைய உறுப்பினர் வில்லியம் மர்ஃபி. 1949 ஜூனில் மேற்கு கார்க் இடைத்தேர்தலில் ஜெயித்தபோது அவருக்கு 21 வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த இடைத்தேர்தல் ஏன் வந்தது? அமைச்சராக இருந்த அவர் அப்பா டிமதி மர்ஃபி ஏப்ரலில் இறந்துபோனார். 1951இல் பையனின் நாடாளுமன்ற வாழ்க்கையும் முடிந்தது. 1987இல் மேரி கோக்லன் 21 வயதில் டோனகாலிலிருந்து வந்தார். அதற்கு முந்தைய வருடம் இறந்த அவர் அப்பாவும் அந்தத் தொகுதி உறுப்பினர்தான். பின்னாளில் பிரதமரான எண்டா கென்னி 1975இல் 24 வயதில் வந்தார், அப்பாவின் இடத்துக்கு. இன்னொரு பிரதமர் பிரையன் கோவன் 1984இல் 24 வயதில் வந்தார், அவரும் அப்பாவின் இடத்துக்கு. அயர்லாந்துக்காரர்கள் இதற்கு வெட்கப்படுவதாகத் தெரியவில்லை. நாமும் அவர்களைக் கிண்டல் செய்யும் நிலையில் இல்லை.

எல்லோரும் வாரிசுகள் என்று சொல்ல வரவில்லை. 2024 ஏப்ரலில் 37 வயதில் பிரதமராகி, அந்தப் பதவிக்கு வந்தவர்களில் மிக இளையவர் என்ற பெயரை வாங்கிய சைமன் ஹாரிஸ் டாக்ஸி ஓட்டுநரின் மகன். 2020 டாயிலின் கடைக்குட்டி ஜேம்ஸ் ஓ'கானருக்கு 22 வயது. 2024 நவம்பர் தேர்தலில் கடைக்குட்டியான தொழிற்கட்சியின் ஓவன் கென்னிக்கு 24. அவர் எண்டா கென்னிக்குச் சொந்தமில்லை. இவர்கள் மூவருக்கும் பொதுவாக ஒன்று உண்டு: மூவரும் முதலில் உள்ளாட்சி மன்றத்தில் ஜெயித்து, அங்கிருந்து டாயிலுக்குப் போனவர்கள். ஓவன் கென்னி 2024 ஜூனில் கார்க் கவுண்டி மன்ற உறுப்பினரானார், அதே வருடம் நவம்பரில் டாயிலுக்குப் போய்விட்டார். அவ்வளவு வேகம்.

அரசியலில் அப்பா இல்லாதவர்களுக்கு உள்ளாட்சிதான் வாசல். அந்த வாசலில் வயது வரம்பு ஏற்கெனவே 18தான். அடைப்பு வேறு எங்கோ இருக்கிறது. 2014இல் அரசு 80 நகர மன்றங்களை மொத்தமாகக் கலைத்தது. செலவு மிச்சம் என்றார்கள். நாடு முழுக்க 1,627ஆக இருந்த உள்ளாட்சி உறுப்பினர் இடங்கள் 949 ஆகிவிட்டன. நகர மன்றம் என்றால் சின்னப் பதவி, பக்கத்துத் தெருக்காரர்கள் ஓட்டுப் போட்டாலே போதும், கல்லூரிப் படிப்போடு பார்க்கலாம். சைமன் ஹாரிஸ் 2009இல் கிரேஸ்டோன்ஸ் நகர மன்றத்துக்கும் விக்லோ கவுண்டி மன்றத்துக்கும் சேர்த்தே தேர்வானவர். இன்றைக்கு 20 வயதில் ஒருவர் அதேபோல ஆரம்பிக்க நினைத்தால் கீழ்ப்படி ஒன்று இல்லை. இளைஞர் பிரதிநிதித்துவம் பற்றிய விவாதங்களில் இதை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை என்பது எனக்குப் புரியவில்லை. வயது வரம்பைப் பற்றிப் பேசுவது சுலபம், அதனாலோ என்னவோ.

ஆக, 18 ஆக்குவது நியாயம். ஆனால் அது இளைஞர்களைக் கொண்டுவரும் கருவி இல்லை. அதற்காக மட்டும் ஒரு நாள் வாக்கெடுப்பு நடத்தி, 2015 மாதிரி தோற்றால் நஷ்டம்தான் மிச்சம்.

குடியரசுத் தலைவர் வயது விஷயத்தில் இன்னும் கறாராகச் சொல்லலாம்: விட்டுவிடுங்கள். இந்தப் பதவிக்கு நிற்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சேர்த்து 20 பேர், அல்லது நான்கு உள்ளாட்சி மன்றங்கள் முன்மொழிய வேண்டும். 40 வயதுக்காரர்களுக்கே அது குதிரைக் கொம்பு. இதுவரை வந்தவர்களில் இளையவர்கள் மேரி ராபின்சனும் மேரி மெக்கலீஸும். பதவியேற்றபோது இருவருக்கும் 46 வயது. 35 என்ற வரம்பு யார் காலையும் தட்டிவிட்டதாகத் தெரியவில்லை. 2015இல் இதைத் தேர்ந்தெடுத்து மக்கள் முன் வைத்ததுதான் தவறான கணக்கு. 21 வயதுக் குடியரசுத் தலைவர் என்றதும் ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் மற்ற வயதுக் கேள்விகளும் அடிபட்டுப் போயின.

ஓட்டு இருந்தால்தான் கணக்கில் வரும்

அயர்லாந்தில் வாக்கு எண்ணும் கூடத்தில் ஒரு காட்சி உண்டு. பெட்டியைத் திறந்து ஊழியர்கள் சீட்டுகளை மேசைமேல் ஒவ்வொன்றாக விரிப்பார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் அட்டையும் பென்சிலுமாகச் சாய்ந்து நின்று, முதல் விருப்பமாக 1 என்று எழுதியிருப்பது யாருக்கு என்று எட்டிப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டே இருப்பார்கள். எதிர்க்கட்சிக்காரரோடு கணக்கைப் பகிர்ந்துகொள்ளவும் செய்வார்கள். இதற்கு டாலி என்று பெயர். அதிகாரபூர்வ முடிவு வர ராத்திரி ஆகலாம், சில தொகுதிகளில் இரண்டு மூன்று நாளும் ஆகலாம். ஆனால் மதியத்துக்குள் எந்தப் பகுதிப் பெட்டியில் யாருக்கு எத்தனை என்று கட்சிகளுக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை எந்தத் தெருவில் கதவைத் தட்ட வேண்டும், எந்த ஊரில் புதிதாக ஒரு வேட்பாளரைத் தேட வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளிலிருந்துதான் வருகிறது. 16, 17 வயதுக்காரர்களுக்கு அந்தத் தாளில் கோடே கிடையாது. அவர்களைக் கவர ஓர் இளைய வேட்பாளரை நிறுத்த வேண்டும் என்று எந்த மாவட்டச் செயலாளருக்கும் தோன்றக் காரணமில்லை.

ஓட்டு வயதை 16 ஆக்குவது மற்ற வழிகளிலிருந்து வேறுபடும் இடம் இதுதான். மற்றவை வேட்பாளருக்குக் கதவைத் திறக்கின்றன. இது அவரைத் தேடிப் போகக் கட்சிக்கு ஒரு காரணம் கொடுக்கிறது.

இன்னொரு நடைமுறை விஷயமும் உண்டு. 18 வயதில் அயர்லாந்துப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பள்ளி முடித்து டப்ளினுக்கோ கால்வேக்கோ கல்லூரிக்குப் போகிறார்கள். வாக்காளர் பதிவு பல பேருக்கு ஊரில் அப்பா அம்மா வீட்டு முகவரியிலேயே இருக்கும். தேர்தல் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. 2024இல் உள்ளாட்சித் தேர்தலும் பொதுத்தேர்தலும் வெள்ளிக்கிழமைதான் நடந்தன. மேயோவில் பதிவு, டப்ளினில் வகுப்பு என்றால் முதல் ஓட்டே தவறிப் போகும். நாட்டை விட்டு வேலைக்குப் போய்விட்டால் அதுவும் போயிற்று. வெளிநாட்டில் குடியேறியவர்களுக்கு அஞ்சல் ஓட்டு வசதி கிடையாது. 16 வயதில் அதே பிள்ளை வீட்டில் இருக்கிறது, பள்ளியில் இருக்கிறது, குடிமையியல் பாடமும் படித்து முடித்திருக்கிறது. முதல் ஓட்டைப் போட இதைவிட நல்ல வயது இல்லை. 2007இல் 16 ஆக்கிய ஆஸ்திரியாவில், 16, 17 வயதுக்காரர்கள் 18 முதல் 20 வயதுக்காரர்களைவிட அதிகமாக வாக்களித்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்து 2014 வாக்கெடுப்பில் ஆரம்பித்து, பிறகு தன் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் 16 ஆக்கிவிட்டது. மால்டா 2018இல் எல்லாத் தேர்தலுக்கும் கொடுத்தது.

அப்பா சொல்கிற கட்சிக்குத்தானே போடுவார்கள் என்பது எதிர்த் தரப்பின் வழக்கமான கேள்வி. 40 வயதிலும் அப்படிப் போடுகிறவர்கள் எங்கும் உண்டு. அதை வைத்து யாருடைய ஓட்டையும் பறிக்கவில்லையே.

இதற்கும் வாக்கெடுப்பு வேண்டாமா என்றால், டாயில் தேர்தலுக்கு வேண்டும். டாயில் வாக்குரிமையோடு குடியரசுத் தலைவர் தேர்தலும் மக்கள் வாக்கெடுப்பும் பிணைந்திருக்கின்றன. அந்த மூன்றும் ஒரே முடிச்சு. உள்ளாட்சித் தேர்தலுக்கு அப்படி இல்லை. 1999இல் சேர்த்த அரசியலமைப்புப் பிரிவு, டாயில் வாக்காளர்களோடு சட்டம் தீர்மானிக்கும் மற்றவர்களும் உள்ளாட்சிக்கு ஓட்டுப் போடலாம் என்கிறது. அந்த மற்றவர்கள் ஏற்கெனவே போடுகிறார்கள். டப்ளினில் வேலை பார்க்கும் தமிழ் நர்ஸோ ஐடி ஊழியரோ அயர்லாந்துக் குடியுரிமை இல்லாமலே உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம், நிற்கவும் செய்யலாம். அதே தெருவில் பிறந்து வளர்ந்த 17 வயதுப் பிள்ளைக்கு அது முடியாது. இதை மாற்ற ஒரு சாதாரணச் சட்டம் போதும். ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கும் அப்படியே.

2012இல் கூடிய அரசியலமைப்பு மாநாடு, 66 குடிமக்களும் 33 அரசியல்வாதிகளும் ஒரு தலைவருமாக 100 பேர் உட்கார்ந்து பேசியது, 16 ஆக்கச் சொல்லிச் சிறு பெரும்பான்மையில் முடிவெடுத்தது. அரசு வாக்கெடுப்பு நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டு, அப்புறம் கிடப்பில் போட்டுவிட்டது. ஆனால் ஒரு நல்ல காரியம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் தேர்தல் சீர்திருத்தச் சட்டத்தின்படி 16, 17 வயதுக்காரர்கள் முன்கூட்டியே பெயரைப் பதிந்து வைக்கலாம். பதிவேட்டில் பெயர் இருக்கிறது, சீட்டு மட்டும்தான் கைக்கு வரவில்லை.

ஒதுக்கீடும் உச்ச வரம்பும்

கட்சிகளை நிர்ப்பந்திக்கும் வழியில் அயர்லாந்துக்கு ஓர் அனுபவம் இருக்கிறது. பெண் வேட்பாளர்கள் 30 சதவீதத்துக்குக் குறைந்தால் கட்சிக்கு அரசு கொடுக்கும் நிதியில் பாதி போய்விடும் என்று 2012இல் சட்டம் கொண்டுவந்தார்கள். இப்போது அது 40 சதவீதம். 2011இல் 86 பெண்கள் நின்றார்கள். சட்டம் வந்த பின் 2016இல் 163 பேர். ஜெயித்தவர்கள் 25இலிருந்து 35 ஆனார்கள். 2024இல் 174 இடங்களில் 44 பேர். பணத்தில் கை வைத்தால் கட்சிகள் அசையும் என்பதற்கு இது சாட்சி. வேட்பாளர் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரட்டிப்பானாலும் ஜெயித்தவர்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை என்பதற்கும் இதுவே சாட்சி.

இளைஞர் ஒதுக்கீட்டில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். அயர்லாந்தில் ஒற்றை மாற்று வாக்கு முறை. நம் மாநிலங்களவைத் தேர்தலில் எம்எல்ஏக்கள் 1, 2, 3 என்று விருப்பம் எழுதுவது போல அங்கே பொதுமக்களே எழுதுகிறார்கள். தொகுதிக்கு 3 முதல் 5 இடம். மூத்த உறுப்பினருக்குத் துணையாகத் தொகுதியின் வேறொரு மூலையிலிருந்து புதுமுகத்தை நிறுத்துவது கட்சிகளின் பழைய உத்தி. புதுமுகம் அந்த ஊர் ஓட்டைச் சேகரிப்பார், ஓட்டு குறைந்து எண்ணிக்கையின் நடுவில் வெளியேற்றப்படுவார், அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பப்படி பெரியவருக்குப் போய்ச் சேரும். ஒதுக்கீடு வந்தால் அந்த வேலைக்கு ஆள் தேடும் சிரமம் கட்சிக்குக் குறையும், அவ்வளவுதான். டாயில் தேர்தலுக்கு இல்லாமல் உள்ளாட்சித் தேர்தலுக்கு வைத்தால் கதை வேறு. அங்கே இடம் அதிகம், ஜெயிக்க ஓட்டும் குறைவு. பெண்கள் ஒதுக்கீட்டுச் சட்டம் செய்யாமல் விட்டதும் அதைத்தான். அது டாயில் தேர்தலோடு நின்றுவிட்டது. இளைஞர் விஷயத்தில் நிதியை உள்ளாட்சி வேட்பாளர்களோடு இணைத்தால் பலன் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மேலவையில் பிரதமர் நியமிக்கும் 11 இடங்களில் இரண்டு மூன்றை இளைஞர்களுக்குக் கொடுக்கலாம் என்ற யோசனைக்குச் சட்டமே தேவையில்லை. 2020இல் அயர்லாந்தின் நாடோடி மரபுச் சிறுபான்மையினரான டிராவலர் சமூகத்திலிருந்து முதல் பெண்ணாக எய்லீன் ஃப்ளின் மேலவைக்குப் போனது அந்த வழியில்தான். நல்லதுதான், ஆனால் பிரதமரின் மனசு சார்ந்தது.

வயதானவர்களுக்கு உச்ச வரம்பு வைப்பதை நான் ஏற்கவில்லை. நீதிபதிகளுக்கு 70 இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நீதிபதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அதனால் அவர் எப்போது போவார் என்று சட்டம்தான் சொல்ல வேண்டும். மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் 70 வயதில் குடியரசுத் தலைவராகி, 77 வயதில் மறுபடி ஜெயித்தார். முன்பு குடியரசுத் தலைவராக இருந்த டி வலேரா பதவியை விட்டபோது அவருக்கு 90. 2025இல் கேத்தரின் கானலி 68 வயதில் 63 சதவீத ஓட்டோடு வந்தார். அவருக்காகக் களத்தில் அலைந்தவர்களில் இளைஞர்கள் ஏராளம். இளைஞர்கள் வயதைப் பார்த்து ஓட்டுப் போடுவதில்லை.

ஆக என் வரிசை இது. உள்ளாட்சிக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் 16 வயது ஓட்டு முதலில். கூடவே உள்ளாட்சி வேட்பாளர்களில் இளையோர் எண்ணிக்கையோடு கட்சி நிதியை இணைப்பது, நகர மன்றங்களைத் திரும்பக் கொண்டுவருவது. இந்த மூன்றுக்கும் மக்கள் வாக்கெடுப்பு வேண்டாம். டாயில் வயதை 18 ஆக்கும் வாக்கெடுப்பு அதற்கடுத்து. 35ஐத் தொடவே வேண்டாம்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும் 2029இல். 18க்கான வாக்கெடுப்பை அன்றைக்கே வைத்தால் தனிச் செலவு இல்லை. சாவடிக்கு வரும் 16 வயதுக்காரருக்கு இரண்டு சீட்டுதான் கிடைக்கும், வாக்கெடுப்புச் சீட்டு கிடைக்காது. அது குழப்பமாகிவிடும் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். யாருக்கு எந்தச் சீட்டு என்று காட்ட வாக்காளர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தைப் போட்டு, வெளிநாட்டவருக்கு அவர்கள் பல வருடமாகச் செய்துவரும் வேலைதான் அது.